அறியா வினாவிலிருந்து ஐய வினாவுக்கு

வினாக்களை ஆறு வகையாகப் பகுத்த நன்னூலார், அவற்றுள் முதல் மூன்றாக அறிவினா, அறியா வினா, ஐய வினா ஆகியவற்றை வைத்தார். தான் விடையை அறிந்திருந்தும் எதிரில் இருப்பவர் அறிவாரா என்று பார்ப்பதற்காகக் கேட்பது அறிவினா. தான் அறியாத ஒன்றை அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று இரண்டுக்கு நடுவில் நின்று, அந்த ஐயம் நீங்குவதற்காகக் கேட்பது ஐய வினா. இலக்கணத்துக்காகச் செய்யப்பட்ட இந்தப் பகுப்பு, குழந்தைகளிடம் அறிவியல் ஆர்வம் எவ்வாறு வளர்கிறது, எவ்வாறு வாடுகிறது என்பதை ஆராய்வதற்கும் வியப்பூட்டும் அளவுக்குப் பொருந்துகிறது. வகுப்பறையில் ஒலிக்கும் வினாக்களில் பெரும்பாலானவை ஆசிரியர் கேட்கும் அறிவினாக்கள். பாடத்தின் முடிவில் குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று அச்சிடப்படுபவையும் அவையே. குழந்தை தானாகக் கேட்பதோ அறியா வினா. ஆய்வுக்கூடத்தில் அறிவியலாளர் கேட்பது, உற்று நோக்கினால், பெரும்பாலும் ஐய வினாவின் வடிவில் அமைந்திருக்கும். குழந்தையின் அறியா வினாவை அதன் கையாலேயே ஐய வினாவாக மாற்றச் செய்வதுதான், பெற்றோரும் ஆசிரியரும் அறிவியல் ஆர்வத்துக்குச் செய்யக்கூடிய உதவிகளில் தலையாயது.

குழந்தைகள் எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைப் பெரியவர்கள் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். பார்பரா டிஸார்ட், மார்ட்டின் ஹியூஸ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவர், ஏறக்குறைய நான்கு வயதான 30 சிறுமிகள் வீட்டில் தாயுடனும் மழலையர் பள்ளியில் ஆசிரியருடனும் பேசியவற்றை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து, முடிவுகளை 1984-இல் நூலாக வெளியிட்டார்கள். வீட்டில் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்ட அதே சிறுமிகள் பள்ளியில் மணிக்கு 2 கேள்விகளே கேட்டார்கள் என்பது அந்த ஆய்வு வெளிக்கொணர்ந்த உண்மை. வசதியான வீடுகளில் மட்டுமன்றித் தொழிலாளர் வீடுகளிலும் தாய்க்கும் மகளுக்கும் இடையே பொருள் செறிந்த உரையாடல் நிகழ்ந்தது என்பதும், சமையலுக்கும் துணி மடிப்பதற்கும் நடுவே ஒரே செய்தியைக் குழந்தை விடாமல் துருவிக் கேட்டுத் தன் குழப்பத்தைத் தானே தெளிவித்துக்கொள்ளும் நீண்ட பேச்சுகள் அவற்றில் இருந்தன என்பதும் அந்த ஆய்வின் இன்னொரு முக்கியமான பகுதி. பள்ளியில் கேள்வி கேட்பவர் ஆசிரியர், விடை சொல்பவர் குழந்தை என்று உறவு தலைகீழாகிவிட, பள்ளி வாசலைத் தாண்டியதும் குழந்தையின் கேள்விகள் அருகிப் போயின.

ஓயாமல் "ஏன்?" என்று கேட்பது பெரியவர்களின் கவனத்தைத் தன் பக்கம் இழுப்பதற்காகக் குழந்தை செய்யும் உத்தி என்ற எண்ணம் வீடுகளில் பரவலாக உண்டு. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. காரணத்தை விளக்கும் மறுமொழி கிடைத்தபோது குழந்தைகள் அதை ஏற்றுத் தலையசைத்தார்கள், அல்லது அதிலிருந்து எழும் அடுத்த கேள்வியைக் கேட்டார்கள்; விளக்கம் இல்லாத மறுமொழி கிடைத்தபோது அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள், அல்லது தாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துச் சொன்னார்கள். கவனம் மட்டுமே குறிக்கோளாக இருந்திருந்தால் எந்த மறுமொழியும் அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கும். பள்ளிப் பருவத்துக்கு முந்தைய வயதிலேயே, விளக்கம் எது, விளக்கம் போலத் தோன்றுவது எது என்று பிரித்தறியும் ஆற்றல் குழந்தைக்கு இருக்கிறது என்பதே இதன் பொருள். அது சாதாரணமான செய்தி அன்று.

அப்படியானால் கேட்ட உடனேயே சரியான விளக்கத்தைச் சொல்லிவிடுவதுதானே முறை என்று தோன்றும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எலிசபெத் போனவிட்ஸும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வேறுபட்ட செயல்கள் ஒளிந்திருந்த ஒரு விளையாட்டுப் பொருளைச் சிறு குழந்தைகளிடம் கொடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளுக்கு, அதிலுள்ள குழாய் ஒன்றை இழுத்தால் ஒலி எழும் என்பதை ஆய்வாளர் ஆசிரியரைப் போலச் செய்துகாட்டினார். மற்றக் குழந்தைகள் அந்தச் செயலைத் தற்செயலாக நிகழ்ந்ததுபோலக் கண்டார்கள், அல்லது எதுவும் காட்டப்படாமலே பொருளைப் பெற்றார்கள். கற்பிக்கப்பட்ட குழந்தைகள் அந்த ஒரு செயலையே திரும்பத் திரும்பச் செய்ய, மற்றவர்கள் பொருளைப் புரட்டிப் பார்த்து, மீதியிருந்த செயல்களையும் கூடுதலாகக் கண்டறிந்தார்கள். இதைக் குழந்தைகளின் அறியாமை என்று சொல்ல முடியாது. இந்தப் பொருளை நன்கு அறிந்தவர் ஒன்றை மட்டும் காட்டினார் என்றால் காட்டுவதற்கு வேறொன்றும் இல்லை என்றுதான் அவர்கள் அறிவுக்கூர்மையுடன் முடிவுசெய்தார்கள். முழுமையானதுபோல் ஒலிக்கும் விடையும் இவ்வாறே வேலை செய்கிறது. வானம் ஏன் நீலம் என்று கேட்கும் ஏழு வயதுக் குழந்தையிடம் "ஒளிச்சிதறல்" என்ற ஒரே சொல்லைச் சொல்லி அனுப்பும்போது, அதற்கு விளக்கம் கிடைப்பதில்லை. ஆனால் இனிக் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்ற செய்தி மட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

அறியா வினா ஐய வினாவாக மாறும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு, திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமனின் 1921-ஆம் ஆண்டுக் கடற்பயணம் தெளிவான எடுத்துக்காட்டு. கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்பது எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய அறியா வினா. ஆழ்கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறித்துத் தெரிவதே என்ற இயற்பியலர் ராலே பிரபுவின் கருத்து அன்று நிலைபெற்றிருந்தது. இங்கிலாந்திலிருந்து திரும்பிய கப்பலில் இராமன் அந்தக் கேள்விக்கு வேறு வடிவம் கொடுத்தார்: கண்ணுக்கு வரும் நீலம் தெறித்த வானொளியா, நீருக்குள்ளிருந்தே வரும் ஒளியா? நீர்ப்பரப்பில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாக மாறிவிடும். இதற்குத் தளவிளைவு என்று பெயர். அவ்வாறு மாறிய ஒளியை நிக்கோல் பட்டகம் என்ற சிறிய படிகக் கருவியைத் திருப்பிப் பிடித்துத் தடுத்துவிடலாம். இராமன் அதைக் கொண்டு தெறிப்பொளியை நீக்கிப் பார்த்தபோது நீலம் மறையவில்லை. நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிப்பதை நோக்கி அவர் ஆய்வு திரும்பியது; அந்த வழியில் தொடர்ந்து சென்றதில்தான் 1928 பிப்ரவரி 28 அன்று அவர் பெயரால் வழங்கும் விளைவு கண்டறியப்பட்டது. சிவப்பொளியை நீர் சிறிதளவு உறிஞ்சிக்கொள்வதற்கும் கடலின் நீலத்தில் பெரும் பங்கு உண்டு என்பது இன்று தெளிவாகியிருக்கிறது. கேள்விக்கு முழு விடை அன்று கிடைத்துவிடவில்லை. ஆனால் இரண்டில் ஒன்றை விலக்கும் வடிவில் அது கேட்கப்பட்டதால்தான் ஒரு சிறு படிகமே தீர்ப்புச் சொல்ல முடிந்தது.

இராமன் அப்போதே தேர்ந்த இயற்பியலர். பள்ளி மாணவன் ஒருவனும் இந்தப் பாதையைக் கடக்க முடியும் என்பதையும், கடக்கும்போது பெரியவர்கள் எவ்வாறு குறுக்கே நிற்கிறார்கள் என்பதையும் எராஸ்டோ எம்பெம்பாவின் வரலாறு காட்டுகிறது. 1963-இல், இன்றைய தான்சானியாவில் உள்ள மகம்பா உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்துக்கொண்டிருந்தபோது, மாணவர்கள் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை கலந்து, ஆறவைத்து, உறைபெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் செய்வது வழக்கம். பெட்டியில் இடத்துக்குப் போட்டி இருந்ததால், இடம் பறிபோய்விடுமோ என்று அஞ்சிய எம்பெம்பா, சூடான பாலை ஆறவிடாமலே உள்ளே வைத்தார். அதே நேரத்தில் இன்னொரு மாணவன் காய்ச்சாத பாலை வைத்தான். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தபோது எம்பெம்பாவின் பால் உறைந்திருந்தது. மற்றவனுடையது இன்னும் கெட்டியான திரவமாகவே இருந்தது. இயற்பியல் ஆசிரியரிடம் காரணம் கேட்டபோது, எம்பெம்பா ஏதோ குழம்பிவிட்டதாகவும் அப்படி நடக்க முடியாது என்றும் மறுமொழி கிடைத்தது.

ஆசிரியரின் மறுப்புக்குப் பின்னால் ஒரு நியாயம் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பொருள் குளிரும் வேகம் அதற்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்கிறது நியூட்டனின் குளிர்தல் விதி. 90 பாகை செல்சியஸில் இருக்கும் நீர் முதலில் வேகமாகக் குளிர்ந்தாலும், எப்படியும் 30 பாகை என்ற நிலையைக் கடந்துதான் உறைநிலையை அடைய வேண்டும். 30 பாகையில் தொடங்கிய நீரோ அந்த நேரத்துக்குள் இன்னும் கீழே போயிருக்கும். பின்னால் புறப்பட்டவர் முன்னால் போனவரை முந்த இதில் வழியே இல்லை. இந்த வாதத்தில் ஒரே ஓட்டைதான் உண்டு: 90 பாகையிலிருந்து 30 பாகைக்கு இறங்கிய நீர், முதலிலிருந்தே 30 பாகையில் இருந்த நீரைப் போன்றதேதானா? இடைப்பட்ட நேரத்தில் ஒரு பகுதி ஆவியாகி அளவு குறைந்திருக்கலாம், கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறியிருக்கலாம், உள்ளே சுழலும் நீரோட்டம் மாறியிருக்கலாம், சூடான பாத்திரம் அடியிலிருந்த உறைபனியை உருக்கித் தட்டுடன் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கலாம். மாணவனின் குழப்பத்துக்குள் இவ்வளவு ஐய வினாக்கள் காத்திருந்தன. நடக்க முடியாது என்ற ஒரு மறுமொழி அவை அனைத்தையும் ஒருசேர மூடிவிட்டது.

எம்பெம்பா கேள்வியை விடவில்லை. தாங்கா நகரில் ஐஸ்கிரீம் விற்றவர்களும் சூடான பாலையே உறையவைப்பதாக அவருக்குத் தெரியவந்தது. பின்னர் இரிங்காவில் உள்ள எம்க்வாவா மேல்நிலைப் பள்ளியில் குளிர்தல் விதியைப் படிக்கும்போது மீண்டும் கேட்டார். அது எம்பெம்பாவின் இயற்பியலே தவிர உலகத்தின் இயற்பியல் அன்று என்று ஆசிரியர் கேலி செய்ய, அதன்பிறகு எம்பெம்பா செய்யும் எந்தத் தவறையும் வகுப்பு முழுவதும் அவர் பெயரைச் சேர்த்தே கேலி பேசியது. ஆனால் அவர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் இரண்டு குடுவைகளை எடுத்து நீரைக் கொண்டு தாமே சோதித்துப் பார்த்தார். தார் எஸ் சலாம் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் உரையாற்ற வந்தபோது எம்பெம்பா கேட்டது, இனியும் "ஏன்" என்ற வெறும் கேள்வியாக இல்லை: ஒரே அளவு நீர், ஒன்று 35 பாகையிலும் மற்றது 100 பாகையிலும், ஒரே உறைபெட்டியில் வைக்கும்போது சூடானது முதலில் உறைவது எதனால் என்று அளவுகளோடு கேட்டார். மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை, நம்பவும் இல்லை, சோதித்துப் பார்ப்பதாக வாக்களித்தார். கல்லூரியில் அந்தச் சோதனையைச் செய்த உதவியாளர், சூடான நீரே முதலில் உறைந்தது என்று தெரிவித்ததோடு, சரியான முடிவு வரும்வரை சோதனையைத் தொடர்வதாகவும் உறுதியளித்தார் என்பது கல்வியாளர்கள் அனைவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி. 1969-இல் எம்பெம்பாவும் ஆஸ்போர்னும் இணைந்து எழுதிய கட்டுரை இயற்பியல் கல்விக்கான ஆய்விதழில் வெளியாயிற்று.

அரிஸ்டாட்டிலும் பிரான்சிஸ் பேக்கனும் டேக்கார்ட்டும் இதைப் போன்ற ஒன்றை முன்பே குறிப்பிட்டிருந்தார்கள் என்றாலும், நவீன இயற்பியலின் கவனத்துக்கு இதைக் கொண்டுவந்தது ஒரு மாணவனின் கேள்வி. விவாதம் இன்னும் ஓயவில்லை. 2016-இல் வெளியான ஒரு கட்டுரை, வெப்பமானியை வைக்கும் உயரம் சிறிது மாறினாலே இத்தகைய தோற்றம் உண்டாகக்கூடும் என்று காட்டி, நீரில் இவ்விளைவு உண்மையிலேயே இருப்பதற்குப் போதிய சான்று இல்லை என்று வாதிட்டது. 2020-இல் வெளியான வேறோர் ஆய்வு, நீரில் மிதக்கும் நுண்துகள் ஒன்றைக் கொண்டு, வெப்பம் மிகுந்த நிலையிலிருந்து தொடங்கும் அமைப்பு விரைவாகக் குளிர்நிலையை எட்டக்கூடிய சூழ்நிலைகள் உண்டு என்பதை நிறுவியது. ஒரு கேள்வியின் மதிப்பு அதற்குக் கிடைக்கும் விடையின் உறுதியில் மட்டும் அடங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆஸ்போர்ன் செய்தது எந்தப் பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியது. அதற்குத் தேவையான பொருள்கள் காலடியிலேயே கிடக்கின்றன. வீட்டுத் தாழ்வாரத்தில், மழை படாத நுண்மணலில் சிறு புனல் வடிவக் குழிகளைத் தோண்டி அடியில் ஒளிந்திருக்கும் குழியானையைத் தமிழ்நாட்டுக் கிராமத்துக் குழந்தைகள் பலரும் அறிவார்கள். பின்னோக்கியே நடக்கும் இந்தச் சிறு உயிர் ஒரு பூச்சியின் இளம்பருவம். வளர்ந்தபின் ஊசித்தட்டானைப் போன்ற மெல்லிய இறகுகளோடு பறந்துவிடும். குழிக்குள் எறும்பு விழுந்தவுடன் அடியிலிருந்து மணலை வாரி இறைக்கிறது. எறும்பு வந்தது அதற்கு எப்படித் தெரியும் என்று குழந்தை கேட்டால், இந்த அறியா வினாவை ஒரு நிமிடப் பேச்சில் ஐய வினாவாக்கிவிடலாம்: வாசனையாலா, மணல் சரிவதாலா? ஈர்க்குச்சியின் நுனியால் விளிம்பிலுள்ள மணலை மெல்லத் தட்டிவிட்டால், எறும்பே இல்லாமல் குழியானை மணலை இறைக்கிறதா என்று பார்க்கலாம். பருமணலும் நுண்மணலும் தனித்தனியே நிரப்பிய இரண்டு தட்டுகளில் விட்டு, எதில் குழி அமைகிறது, குழியின் சரிவு ஒன்றுபோல் இருக்கிறதா என்று அளக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆசிரியர் பயிற்சியில் ஈடுபட்டிருந்த ஜோஸ் எல்ஸ்ட்கீஸ்ட் என்ற கல்வியாளர் இந்தப் பூச்சியையே பாடமாக வைத்து, விடையைத் தாம் சொல்லாமல் குழியானையிடமே கேட்கும்படி குழந்தைகளை அனுப்பினார். செய்து பார்க்கவும் அளக்கவும் ஒப்பிடவும் தூண்டும் கேள்வியே பயனுள்ள கேள்வி என்பது அவர் கருத்து. "ஏன்" என்று தொடங்கும் கேள்வியைச் சின்னஞ்சிறு குழந்தையிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டால், அது நூலில் உள்ள வாசகத்தைத் தேடி ஓடும் என்று அவர் எச்சரித்தார்.

எல்லாக் கேள்விகளையும் இவ்வாறு முற்றத்தில் சோதித்துவிட முடியாது. டைனோசர்கள் எப்படி அழிந்தன என்று கேட்கும் குழந்தைக்குத் தகவல் வேண்டும். அதை மறைத்து வைப்பது கொடுமை. ஆனால் அங்கும், ஒரு விண்கல் மோதியதால் என்று சொல்லி முடித்துவிடாமல், அது எவ்வாறு தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல இயலும்: பூமியின் மேற்பரப்பில் மிக அரிதாகவும் விண்கற்களில் மிகுதியாகவும் உள்ள இரிடியம் என்ற உலோகம், அந்தக் காலத்துக்குரிய மெல்லிய களிமண் படிவில் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை லூயிஸ் ஆல்வாரெஸும் அவர் மகன் வால்ட்டரும் உடன் ஆய்வாளர்களும் 1980-இல் அறிவித்தார்கள். இதைக் கேட்ட குழந்தை, விடையோடு அது எட்டப்பட்ட வழியையும் தெரிந்துகொள்கிறது. பெரியவருக்கே தெரியாத கேள்வி வந்தால், தெரியாது என்று சொல்லித் தேடும் முறையைக் குழந்தையின் முன்னிலையில் செய்துகாட்டுவது அதே அளவுக்குப் பயன் தரும்.

வகுப்பறையில் இவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்ற ஆசிரியர்களின் கவலை உண்மையானது. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் காட்டிய முடிவு இந்தக் கவலைக்கு ஓரளவு ஆறுதல் தரும். கேள்வி கேட்ட ஆசிரியர் மறுமொழிக்காகச் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார் என்றும், அதை மூன்று நொடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, பின்தங்கியவர்கள் என்று கருதப்பட்டவர்களும் பேசுகிறார்கள், மாணவர்கள் தாமாகக் கேட்கும் கேள்விகள் பெருகுகின்றன என்றும் அவர் கண்டார்.

குழந்தைகள் தாமே கேட்டுச் சோதித்துப் பார்க்கும் கற்றலை இந்திய அளவில் பெருமுயற்சியாகச் செய்து காட்டியது மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம். கிஷோர் பாரதி, ரசூலியாவின் நட்பு ஊரக மையம் ஆகிய இரு அமைப்புகளின் முயற்சியால் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978-இல் மாவட்டம் முழுவதற்கும் பரவிய இத்திட்டத்தை, 1982-இல் உருவான ஏகலவ்யா அமைப்பு முன்னெடுத்துச் சென்றது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் சிறு குழுக்களாக அமர்ந்து சோதனைகளைத் தாமே செய்தார்கள். பூவைப் பிரித்துப் பார்க்க ஊசிக்குப் பதிலாகக் கருவேல முள் போதுமானதாக இருந்தது. பாடநூலில் சோதனைகளும் கேள்விகளும் இருந்தன. விடைகள் மாணவரின் குறிப்பேட்டில்தான் உருவாயின. மனத்தில் எழும் எந்தக் கேள்வியையும் சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் கடிதமாக எழுதும்படி குழந்தைகள் ஊக்குவிக்கப்பட்டார்கள். வந்த கடிதங்களுக்கு மறுமொழியும் அனுப்பப்பட்டது. முப்பது ஆண்டுகள் நடந்த இத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது பெரும் இழப்பு. தமிழ்நாட்டில், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் துளிர் இதழும், நாடு தழுவிய அளவில் 1993-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடும், தங்கள் ஊரைப் பற்றிக் கேள்வி எழுப்பி ஆராயும் வாய்ப்பைப் பல மாணவர்களுக்குத் தந்திருக்கின்றன. ஆனால் இவை பெரும்பாலும் பாடவேளைக்கு வெளியே, ஆர்வமுள்ள சில ஆசிரியர்களின் உழைப்பால் நடப்பவை.

ஹோசங்காபாத் திட்டம் பாடநூலை மாற்றியதோடு நிற்காமல் தேர்வையும் மாற்றியது. மாணவர்கள் பாடநூலையும் குறிப்பேட்டையும் திறந்து வைத்துக்கொண்டே எழுதினார்கள். செய்முறைக்கும் மதிப்பெண் இருந்தது. மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பாடவேளையும் செலவாகும் என்பதால், வழக்கமான தேர்வுமுறை உள்ள பள்ளிகளிலும் இதில் ஒரு சிறு பகுதியைக் கைக்கொள்ளலாம். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் ஈரம் கசிவதைப் போன்ற ஒரு நிகழ்வைத் தந்து, அதற்கு ஏற்புடைய இரண்டு காரணங்களை எழுதவும், இரண்டில் எது சரி என்று முடிவுசெய்ய எந்தச் சோதனையைச் செய்யலாம், எதை மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று விளக்கவும் ஒவ்வொரு பருவத் தேர்விலும் ஒரு வினா வைக்கப்பட்டு, அதற்கு ஐந்து மதிப்பெண் ஒதுக்கப்படுமானால், புதிய ஆய்வுக்கூடமோ கூடுதல் நிதியோ இல்லாமலேயே, மாணவரின் கேள்விகளுக்கு வாரத்தில் ஒரு பாடவேளையாவது ஒதுக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு ஏற்பட்டுவிடும்.